எண்ணெய்த் தரையும் வெள்ளை ஷூவும்

உங்களில் ஒருவர் போன வாரம் எனக்கு போன் செய்தார். பெயர் வேண்டாம், பாவம், நல்ல பிள்ளை. கோல்ஃப் ஆடும் இளவயதுப் பிள்ளைகளுக்கு மனப்பயிற்சி கொடுக்கும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். "மேடம், இதனால நெஜமாவே பலன் உண்டா, இல்லையா? ஒரு வரியில சொல்லுங்க, மீட்டிங்ல காட்டணும்" என்றார். ஒரு வரியில் சொல்லக்கூடிய விஷயமாக இருந்தால் நான் எதற்கு இத்தனை வருஷம் தலையைப் பிய்த்துக்கொண்டேன்? போனை வைத்துவிட்டு எரிச்சல் அடங்காமல் உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் இந்த வேலைக்கு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்குமாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

நான் கோல்ஃப் மட்டையைக் கையால் தொட்டவள் இல்லை. ஹைதராபாத்தில், மௌலா அலிப் பக்கம், ஒரு மத்திய அரசுத் தொழிற்சாலையில் பணியாளர் துறையில் இருந்தேன். உளவியல் படித்தவள் என்று வேலைக்கு எடுத்தார்கள். என் வேலை கிரேன் ஓட்டுகிறவர்களைத் தேர்வு செய்வது. உயரத்தில் உட்கார்ந்து, டன் கணக்கில் இரும்பைத் தூக்கி நகர்த்துகிற ஆளுக்குக் கையும் கண்ணும் மனசும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒருமுறை, நன்றாக ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர் திடீரென்று பாதி வழியில் கிரேனை நிறுத்த ஆரம்பித்தார். ஃபோர்மேன் பயம் என்றார், டாக்டர் குடும்பக் கவலை என்றார், யூனியன்காரர் மேலதிகாரியின் கொடுமை என்றார். ஏணியில் ஏறி அவர் சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். கூரைக் கண்ணாடி ஒன்று உடைந்து, மதிய வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. தகரம் வைத்து அடைத்ததும் அவருடைய பயம் போய்விட்டது. அன்றிலிருந்து யாராவது என்னிடம் வந்து "மனசுதான் காரணம்" என்றால் எனக்கு உடனே கோபம் வரும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்களுக்கு ஒரு ஜெனரல் மேனேஜர் வந்தார். மெட்ராஸ்காரர், கோல்ஃப் பைத்தியம். வந்த வேகத்தில் குடியிருப்புக்குப் பின்னால் கிடந்த பாறையும் முள்ளுமான பொட்டலைச் சுத்தம் செய்து ஒரு கோல்ஃப் மைதானம் போட்டுவிட்டார். குடிக்கவே தண்ணீர் போதாத இடத்தில் புல்லுக்கு எங்கே போவது? அதனால் குழியைச் சுற்றி, பந்தை உருட்டுகிற இடத்தில், மணலைக் கொட்டி எண்ணெய் கலந்து இறுக்கினார்கள். எங்கள் லாரிகளும் இயந்திரங்களும் குடித்து முடித்த கறுப்பு எண்ணெய்தான். மற்ற ஊர்களில் அந்த இடத்துக்கு கிரீன் என்று பெயர், எங்கள் ஊரில் பிரவுன். தொழிலாளர்களின் பிள்ளைகளும் வந்து ஆடலாம் என்று ஜி.எம். உத்தரவு போட்டார். அந்த ஒரு காரியத்துக்காக அவரை நான் இன்றும் மனசாரப் பாராட்டுவேன்.

அப்படி ஆட வந்தவள்தான் பிலோமினா. ஸ்டோர்ஸில் சூப்பர்வைசராக இருந்த சவரிமுத்துவின் மூத்த பெண். அவர்கள் திருச்சிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். சவரிமுத்துவின் அப்பா லாலாகுடா ரயில்வே பட்டறைக்கு வேலைக்கு வந்தவர். பிலோ தமிழ் பேசுவாள், நடுநடுவே இங்கிலீஷும் உருதுவும் வந்து விழும். வயது பத்தொன்பது. எங்கள் பிரவுனில் அவளை ஜெயிக்க ஆபீசர்களில் ஒருவராலும் முடியவில்லை. குழிக்குப் பக்கத்தில் பந்தை மெதுவாக உருட்டி விடுவார்களே, அந்த பட்டிங்கில் அவள் தவறவே மாட்டாள்.

ஜி.எம். அவளைப் பெங்களூரில் பொதுத்துறை நிறுவனங்களுக்கு இடையே நடந்த ஜூனியர் போட்டிக்கு அனுப்பினார், தானும் கூடவே போனார். அங்கே நிஜமான புல்தரை. காலையில் தனியாக ஒரு ஓரத்தில் பழகியபோது புல்லின் வேகமும் சரிவும் அவளுக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டன. உருட்டிய பந்தெல்லாம் குழிக்குள் போயிற்று. ஆட்டம் தொடங்கியதும் ஒன்றும் போகவில்லை. கையெட்டும் தூரத்தைக்கூடத் தவறவிட்டு, கடைசிக்கு முந்தின இடத்தில் முடித்தாள்.

திரும்பி வந்ததும் ஜி.எம். என்னைக் கூப்பிட்டார்.

"தனியா இருக்கும்போது போறது. ஆட்டத்துல போக மாட்டேங்கறது. அப்போ மனசுதானே? அது உங்க டிபார்ட்மென்ட். சரி பண்ணிக் குடுங்க" என்றார், பழுதான டேபிள் ஃபேனை நீட்டுவதுபோல.

"கிரேன் டிரைவருக்குத்தான் சார் நான்."

"அது டன் கணக்கு, இது அவுன்ஸ் கணக்கு. மனசு ஒண்ணுதான்."

சரி சார் என்று வந்துவிட்டேன்.

அவர் என்னை மட்டும் நம்பியிருந்தாலாவது பரவாயில்லை. ஊர் முழுக்க அந்தப் பெண்ணின் மனசுக்குள் கையை விட ஆரம்பித்தது. ஜி.எம். வெளியூரிலிருந்து ஒரு கேசட் வரவழைத்தார். அதில் கரகரத்த குரலில் ஒருவர் "நீ ஒரு ஏரி, நீ ஒரு அமைதியான ஏரி" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். ஃபைனான்ஸ் மேனேஜர் மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். கேன்டீன் மேனேஜர் ராத்திரி வெண்டைக்காய் சாப்பிடச் சொன்னார். சவரிமுத்து ஒவ்வொரு அடிக்கும் முன்னால் மாதாவை நினைத்துக்கொள்ளச் சொன்னார். இந்த நான்கையும் பந்தின் முன்னால் நிற்கும் சில நொடிகளுக்குள் அவள் எப்படிச் செய்து முடிப்பாள் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. மனப்பயிற்சி என்ற பெயரில் பெரியவர்கள் தங்கள் பதற்றத்தைப் பிள்ளைகள் தலையில் இறக்கி வைக்கிறார்கள். அப்போதும் அதுதான் நடந்தது, இப்போதும் அதுதான் நடக்கிறது, கேசட்டுக்குப் பதில் போன் வந்திருக்கிறது.

சரி, இதில் பணயம் என்ன என்று கேட்பீர்கள். சில மாதம் கழித்து மெட்ராஸில் அடுத்த போட்டி. அதில் முதல் நான்கு இடத்துக்குள் வந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் பிலோவுக்கு கிளார்க் வேலை என்று ஜி.எம். வாக்குக் கொடுத்திருந்தார். சவரிமுத்து அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறார். ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அவளுக்குக் கீழே இரண்டு தம்பிகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டில் எல்லோரும் அவள் கை நடுங்குகிறதா என்று பார்த்துக்கொண்டேதான் சோறு சாப்பிட்டார்கள்.

பிலோவை என் அறைக்கு வரச் சொன்னேன்.

"பந்து முன்னாடி நிக்கும்போது என்ன நினைக்கிற?"

"குச் பி நை மேடம். நத்திங்."

"பயமா இருக்கா?"

"எல்லாரும் ஏன் இதையே கேக்குறாங்க மேடம்? கேட்டாதான் பயமா இருக்கு."

நியாயமான பதில். நான் பேச்சை நிறுத்திவிட்டு, சாயங்காலம் மைதானத்துக்குப் போய் ஓரமாக நின்று பார்த்தேன். அவள் அடித்த பந்து பிரவுனில் வந்து நின்றது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. எண்ணெய் மணலில் கால்தடம் விழும் என்பதால், பந்தை உருட்டுவதற்கு முன் ஒரு நீண்ட கைப்பிடி வைத்த இரும்புப் பலகையை இழுத்துக் குழி வரைக்கும் பாதையைச் சமப்படுத்திக்கொள்ளலாம். மற்றவர்கள் அதற்கு ஆள் வைத்திருந்தார்கள். பிலோ தானே இழுப்பாள். குழி வரை இழுத்துக்கொண்டு போனாள், பலகையை ஓரமாக வைத்தாள், நடந்து வந்தாள், குனிந்தாள், உருட்டினாள். பந்து உள்ளே விழுந்தது. எனக்கு அதில் விசேஷமாக ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மெட்ராஸுக்கு நானும் போனேன், ஜி.எம். உத்தரவு. பிலோவின் பையைத் தூக்க சவரிமுத்துவே வந்தார். வெளி ஆளுக்குக் கூலி கொடுத்து வைக்க மனசில்லை, அவருக்கும் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. போட்டிக்கு முந்தின நாள் ஒத்திகை ஆட்டம். முதல் கிரீனிலேயே எனக்குத் தலை கிறுகிறுத்தது. அவள் பந்து புல்லில் வந்து நின்றதும் ஜி.எம். விறுவிறுவென்று அவள் பக்கத்தில் போய் நின்றார். பளிச்சென்று வெள்ளை ஷூ. "ரிலாக்ஸ், பிலோ. நீ ஒரு ஏரி" என்றார். ஆடுகிறவர்களுக்கு வெளியாள் யோசனை சொல்லக் கூடாது என்று விதி இருக்கிறது சார் என்றேன். 'ரிலாக்ஸ்' என்பது யோசனை ஆகாது, ஆசீர்வாதம் என்றார். அந்தப் பக்கம் சவரிமுத்து, "மாதாவ நெனச்சுக்கடா கண்ணு" என்றார். பிலோ இரண்டு பேரையும் பார்த்தாள். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாதவள்போல மட்டையை இடம் மாற்றி இடம் மாற்றிப் பிடித்தாள். பிறகு விட்டால் போதும் என்று அவசரமாக ஒரு தட்டு. பந்து குழியைத் தாண்டி ஓடிற்று.

ஒவ்வொரு கிரீனிலும் இதே கூத்து. அன்று சாயங்காலம் விடுதி வாசலில் பிலோவும் நானும் மட்டும் உட்கார்ந்திருந்தோம்.

"நம்ம ஊர்ல பண்றதுல இங்க எதைப் பண்ணல?" என்று கேட்டேன்.

"இழுக்கறது இல்ல மேடம். அங்க பலகைய இழுத்துட்டுப் போவேன், அதுக்குள்ள கை சரியாயிடும். இங்க புல்லு. என்னத்த இழுக்க? சும்மா நிக்கிறேன். சும்மா நின்னா எல்லாரும் பேச வர்றாங்க. நக்கோ, வேணாம்னு அவங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

"அங்க மட்டும் ஜி.எம். பேச வர மாட்டாரா?"

"நை மேடம். எண்ணெய் இருக்குல்ல. ஆடாம சும்மா பாக்க வர்றப்ப வெள்ளை ஷூ போட்டிருப்பார், அது போயிடும்." சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. மாதக்கணக்காக ஏரி, மூச்சு, வெண்டைக்காய். எங்கள் ஊரில் இந்தப் பெண்ணைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது லாரி எண்ணெய். அது பெரிய மனிதர்களைத் தள்ளி நிறுத்தியது, அந்த இடைவெளியில் அவள் தன் கைக்கு ஒரு வேலை கொடுத்துத் தன்னைத் தானே நிதானப்படுத்திக்கொண்டாள். அவளுக்கு வேண்டிய மனப்பயிற்சி அவளிடமே இருந்தது. நாங்கள்தான் அதைப் பிடுங்கிக்கொண்டு கேசட்டைக் கொடுத்தோம்.

"நாளைக்கு என்ன பண்ணலாம்னு நினைக்கிற?"

"நடக்கலாமா மேடம்? பலகை இல்லாம, சும்மா குழி வரைக்கும் போயிட்டு வர்றேன். பந்து போற வழிய மிதிக்காம, பக்கத்துல."

"ரூல்ஸ்ல தடை இருக்கா?"

"இல்ல."

"அப்ப நட."

அது சுலபமான பாதி. மறுநாள் காலையில் கஷ்டமான பாதிக்குப் போனேன். முதலில் சவரிமுத்து. "நீங்க அவளுக்காக ஜெபம் பண்ணுங்க, வாய்க்குள்ள பண்ணுங்க" என்றேன். முகம் சுருங்கிவிட்டது. "என் பொண்ணு மேடம். எப்படி ஒண்ணும் சொல்லாம நிக்கிறது?" என்றார். "குழியில நட்டிருக்கிற கொடிக்கம்ப எடுத்துப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. அது உங்க வேலை. அது போதும்" என்றேன். சரி என்றார்.

ஜி.எம். இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சார், இன்னிக்கு நீங்க கிரீன் பக்கம் வரக்கூடாது."

"என்னது?"

"நம்ம ஊர்ல எண்ணெய்க்குப் பயந்து தள்ளி நிப்பீங்களே, அதே மாதிரி இங்கயும். புல்லுல எண்ணெய் இருக்குன்னு நெனச்சுக்குங்க."

"நான் அந்தப் பொண்ணுக்கு மாரல் சப்போர்ட் குடுக்கறேன் மேடம்."

"குடுங்க சார். மரத்தடியிலேர்ந்து குடுங்க."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க அவளுக்கு சைக்காலஜிஸ்ட்டா, எனக்கா?" என்று கேட்டார். "யாருக்குத் தேவையோ அவங்களுக்கு சார்" என்று வாயில் வந்துவிட்டது. என் வருடாந்திர மதிப்பீட்டில் கையெழுத்துப் போடுகிறவர் அவர். இந்தத் தொழிலில் பிள்ளைகளிடம் பேசுவதற்கு ஒரு தைரியமும் வேண்டாம். சம்பளம் கொடுக்கிறவரிடம் தள்ளி நில்லுங்கள் என்று சொல்லத்தான் தைரியம் வேண்டும். அதை ஒரு படிப்பிலும் சொல்லிக் கொடுப்பதில்லை, அதனால்தான் சொல்கிறேன்.

ஆட்டம் தொடங்கியது. பிலோ ஒவ்வொரு கிரீனிலும் குழி வரை நடந்தாள், திரும்பி வந்தாள், குனிந்தாள், உருட்டினாள். முதலில் ஒன்றிரண்டு தவறியது. பிறகு விழத் தொடங்கியது. ஜி.எம். மரத்துக்கு மரம் மாறி நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அவரை அந்தக் கோலத்தில் பார்க்க எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது.

கடைசி கிரீன். யாரோ ஓடி வந்து ஜி.எம். காதில் கணக்கைச் சொன்னார்கள். இந்தப் பந்து உள்ளே போனால் நான்காவது இடம், போகாவிட்டால் ஐந்தாவது. பிலோவுக்கு அது தெரியாது. பந்துக்கும் குழிக்கும் நடுவில் நல்ல தூரம், சரிவு வேறு. அவள் தன் நடையைத் தொடங்கினாள். பாதி தூரம்கூடப் போயிருக்க மாட்டாள், ஜி.எம். மரத்தடியை விட்டுப் புல்லுக்குள் இறங்கினார். கையைத் தூக்கி வைத்திருந்தார், ஆசீர்வாதம் தயார்.

நான் எதிர்ப்பக்கம், கயிற்றுக்கு வெளியே நின்றிருந்தேன். கூப்பிட வாயைத் திறந்தேன். கூப்பிட்டால் முதலில் திரும்புகிறவள் அவள்தான். மூடிக்கொண்டேன். இத்தனையும் செய்து, கடைசியில் இந்த மனிதர் கெடுக்கப் போகிறாரே என்று அழுகை முட்டியது.

சவரிமுத்து கொடிக்கம்போடு குழியருகே இருந்து விலகி நடந்தார். ஓடவில்லை. நேரே போய் ஜி.எம். எதிரில் நின்று, கம்பைக் குறுக்கே நீட்டினார், ரயில்வே கேட் போட்ட மாதிரி. ஜி.எம். ரூமுக்குள் போகும்போது செருப்பை வெளியே கழற்றி வைக்கிற மனிதர் அவர்.

"நக்கோ சார்" என்றார்.

மெதுவாகத்தான் சொன்னார். எனக்கு உதட்டசைவுதான் தெரிந்தது. ஜி.எம். தூக்கிய கையோடு அப்படியே நின்றுவிட்டார். பிலோ குழி வரை போனாள், திரும்பினாள், இந்தப் பக்கம் பார்த்தாள். அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு, கம்பை நீட்டியபடி நிற்பதைப் பார்த்தாள். அதே நிதானத்தில் பந்திடம் வந்து, குனிந்து, உருட்டினாள். சரிவில் வளைந்து போய் விழுந்தது. சத்தம் எனக்குக் கேட்டது.

ஜி.எம். விமானம் ஏறி ஹைதராபாத் பேகம்பேட்டில் போய் இறங்கிவிட்டார். எங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நாங்கள் மூன்று பேரும் ரயிலில் திரும்பினோம். வழி முழுக்க சவரிமுத்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். செகந்திராபாத் நெருங்கும்போது, "மேடம், என் பொண்ணு வேலைய நானே கெடுத்துட்டேனா?" என்று கேட்டார். தெரியவில்லை என்றே சொன்னேன். அதற்குப் பிறகு வேலை ஆர்டர் வரும்வரை அந்த வீட்டில் எப்படித்தான் சோறு இறங்கியதோ.

ஆர்டர் வந்தது. ஜி.எம். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

கிளப்பில் பாராட்டு விழா வைத்தார்கள். ஜி.எம். மைக்கைப் பிடித்து, மனப்பயிற்சியின் மகிமை பற்றி அரைமணி நேரம் பேசினார். ஏரி வந்தது. இனி எல்லா ஜூனியர்களுக்கும் ஆளுக்கொரு கேசட் என்று அறிவித்தார். நான் சமோசாவைப் பிய்த்துக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருந்தேன். பிறகு பிலோவை மேடைக்குக் கூப்பிட்டு, "சொல்லும்மா, உன் மனசை இவ்வளவு திடப்படுத்தினது யார்? வெக்கப்படாம சொல்லு" என்று மைக்கை நீட்டினார். எந்தப் பெயர் வரும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

"எங்க அப்பா, சார்" என்றாள்.

எல்லோரும் கைதட்டினார்கள். கடைசி வரிசையில் சவரிமுத்து எழுந்து நிற்பதா உட்காருவதா என்று தெரியாமல் பாதியில் நின்றார். ஜி.எம். ரொம்ப நேரம் கைதட்டினார், அதையும் சொல்ல வேண்டும். பிறகு கீழே இறங்கி வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, என் பக்கம் குனிந்தார்.

"சவரிமுத்து அப்படி என்ன டெக்னிக் சொல்லிக் குடுத்தார்? கேட்டு எனக்கு ஒரு நோட் போடுங்க. கேசட்ல சேத்துடலாம்."

"நோட்டெல்லாம் எதுக்கு சார்? ஒரே ஒரு வார்த்தைதான். அதையும் அவர் அவகிட்ட சொல்லல, உங்ககிட்டதான் சொன்னார்" என்றேன்.